நில ஆர்ஜித வழக்கில் செலவுத் தொகை யாரைச் சார்ந்தது?

பொது நன்மையை முன்னிட்டுச் சர்க்கார் ஒரு குடியானவரின் நிலத்தை எடுத்துக்கொள்ளும்போது, ஊரார் அனைவரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். அவ்விலை போதாதென்று நியாயஸ்தலத்தை அடுத்தால் அதற்காகும் செலவை யார் கொடுப்பது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. ஆயினும் முடிவில் குடியானவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதைப் பல சமயங்களில் இந்த இரண்டாவது விஷயமே நிர்ணயிக்கிறது. ரஸ்தாவுக்கும் வாய்க்காலுக்கும் ரயில் பாதைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் கொடுக்க நேரிடுகிற கிராமத்தார் இதனைத் தெரிந்துகொள்வது அவசியமாகையால், இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

கடன் பத்திரத்தின் பேரிலோ வரப்புத் தகராறிலோ ஒருவர் தாவா செய்வது அவருடைய சொந்த இஷ்டம். நில ஆர்ஜிதத்தில் அவ்விதமில்லை. குடியானவர் தம் நிலத்தை விற்கப் புறப்பட்டவரல்லர், விலை கூறியவருமல்லர். வாங்குபவரே விலையையும் நிர்ணயிக்கிறார். அந்த விலை சரியா என்று மூன்றாவது மனிதர் ஒருவரைக் கேட்பதற்காகும் செலவும் நிலத்தை எடுப்பவரையே சார வேண்டும் என்று வாதிப்பதில் அநியாயம் ஒன்றுமில்லை. நம் தேசத்துச் சட்டம் இவ்வாதத்தை ஓரளவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

1870-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கலெக்டர் கொடுக்க முன்வந்த தொகையைக் காட்டிலும் கோர்ட்டார் விதித்த தொகை எள்ளளவு அதிகமாயிருந்தாலும் செலவு முழுவதும் கலெக்டரின் தலையில் விழுந்தது. இது அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகளையும் சூதாட்டம் போன்ற வழக்குகளையும் வளர்க்கிறதென்று அக்காலத்து அதிகாரிகள் குறை கூறினர். அதன் பயனாக, 1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்தில் 27-வது பிரிவு புதிய முறையில் அமைக்கப்பட்டது. அந்தச் சட்டம் 2013-ஆம் வருஷக் கடைசி வரையில் அமலிலிருந்தது. 2014 ஜனவரி 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் எத்தனையோ விஷயங்களை மாற்றிற்று. ஆனால் செலவு சம்பந்தமான விதியை ஏறக்குறைய அதே வார்த்தைகளில் 71-வது பிரிவாக வைத்துக்கொண்டது. 1894-ல் எழுதிய ஒரு விதி இன்னும் நம்மை ஆளுகிறதென்றால், அதனைச் சொல்லுக்குச் சொல் கவனிப்பது வீண் வேலையாகாது.

அவ்விதியின் கருத்து பின்வருமாறு. கலெக்டருடைய அவார்டு நிலைபெறாதபோது, வழக்கின் செலவைச் சாதாரணமாகக் கலெக்டரே கொடுக்க வேண்டும். ஆனால் மனுதாரர் கேட்ட தொகை வரம்பு கடந்ததென்றோ, கலெக்டர் முன்னிலையில் தம் கட்சியை எடுத்துரைப்பதில் அவர் மிக்க அஜாக்கிரதையாயிருந்தாரென்றோ காணப்பட்டால், அவருக்குச் சேரவேண்டிய செலவில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். கலெக்டரின் செலவில் ஒரு பங்கை அவரே கொடுக்கும்படியும் உத்தரவிடலாம். அவார்டு அப்படியே நிலைபெற்றுவிட்டாலோ இந்த ஆதரவு கிடையாது. யார் எந்த விகிதத்தில் கொடுப்பதென்பது விசாரிப்போரின் தீர்மானத்தைப் பொறுத்தது. குடியானவர் தம் செலவைத் தாமே சுமப்பதோடு எதிர்க்கட்சியின் செலவுக்கும் உட்பட நேரிடலாம். கலெக்டர் என்று சட்டம் கூறினாலும், பணம் அவர் சொந்தப் பையிலிருந்து வருவதில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தைக் கேட்ட இலாகாவோ, முனிசிபாலிடியோ, கம்பெனியோதான் கடைசியில் அதனைச் சுமக்கிறது.

இனி, செலவுத் தொகை என்ற சொல்லுக்கே வருவோம். கிராமத்தில் நம்மவர் இச்சொல்லுக்குக் கொள்ளும் பொருள் வேறு, கோர்ட்டில் வழங்கும் பொருள் வேறு. முத்திரைக் கட்டணம், சம்மன் கட்டணம், சாட்சிப்படி, நகல் கட்டணம், விதிகளில் கண்ட விகிதப்படி வக்கீல் கட்டணம் ஆகிய இவை சேர்ந்ததே கோர்ட்டார் கணக்கிடும் செலவு. வக்கீலுக்கு உண்மையில் கொடுத்த தொகை அதில் அடங்குவதில்லை. வாய்தாவுக்கு வாய்தா பஸ்ஸுக்குக் கொடுத்ததும், அறுவடை நாளில் வேலையை விட்டுக் கோர்ட்டு வாசலில் காத்திருந்ததும், நிலத்தை மதிப்பிட அழைத்துவந்த நிபுணருக்குக் கொடுத்ததும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகின்றன. வென்றவருக்கு நியாயமான உண்மைச் செலவு கிடைக்க வேண்டும், அவர் செலவிட்ட காலமும் பிரயாணமும்கூட அதில் அடங்க வேண்டும் என்று 2005-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துரைத்தது. ஆனால் விதிகள் அதற்கேற்ப மாறாதவரையில் அவ்விதம் முழுச் செலவையும் கொடுக்க இயலாதென்பதை 2011-ல் அதே கோர்ட்டு எடுத்துக்காட்டி, விதிகளைத் திருத்த யோசனை கூறிற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய 80 செண்டு நிலத்துக்குச் செண்டு ஒன்றுக்கு 4,000 ரூபாய் வீதம் 3,20,000 ரூபாய் என்று அவார்டு ஆயிற்றென்று வைத்துக்கொள்வோம். அவர் வழக்காடியதில் செண்டுக்கு 6,500 ரூபாய் என்று தீர்ந்தால் நில விலை 5,20,000 ஆகிறது, அதிகப்பட்டது 2,00,000. புதிய சட்டப்படி அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் உண்டாகையால் மொத்தம் 4,00,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. வட்டியையும், கிராமப்புற நிலத்துக்குரிய பெருக்குத் தொகையையும் கணக்கு எளிதாவதற்காக விட்டுவிடுகிறோம். இவ்வழக்கை "நடத்திக் கொடுத்த" தரகர் நூற்றுக்கு 20 என்று பேசியிருந்தால் 80,000 ரூபாய் அவருக்குப் போகிறது. தீர்ப்பில் செலவுத் தொகையாக 12,000 ரூபாய் எழுதியிருந்தால், மீதி 68,000 ரூபாய் குடியானவரின் நஷ்டமே. அதாவது, வென்ற தொகையில் நூற்றுக்கு 17 பங்கு, தமக்கு உரியதென்று சட்டம் ஒப்புக்கொண்ட பணத்தைக் கேட்டு வாங்குவதற்கே செலவாகிவிட்டது. ஆர்ஜிதம் என்ற சுமையில் இதுவும் ஒன்று. ஆனால் எந்த அவார்டிலும் இது காணப்படுவதில்லை.

நூற்றுக்கு இவ்வளவு என்று பேசும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கின் பலனில் பங்கு பேசிக்கொள்வதும், ஜயித்தால்தான் கட்டணம் என்று ஒப்பந்தம் செய்வதும் வக்கீல்களுக்கு அவர்களுடைய தொழில் விதிகளால் விலக்கப்பட்டவை. இத்தகைய ஒப்பந்தம் நடத்தைத் தவறென்று சுப்ரீம் கோர்ட்டு 1954-லேயே கண்டித்திருக்கிறது. ஆகவே பங்கு கேட்பவர் எவராயினும், அவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்திடுவதும், பாங்குக் கணக்குப் புஸ்தகத்தை ஒப்படைப்பதும் கூடாது.

விதியிலுள்ள இரண்டு விலக்குகளையும் இனிக் கவனிக்க வேண்டும். ஏனெனில், செலவு பெறும் உரிமை கோர்ட்டில் அல்ல, அதற்கு வெகு முன்பு, நில ஆர்ஜித அதிகாரியின் மேஜையண்டையிலேயே பெரும்பாலும் சம்பாதிக்கப்படுகிறது அல்லது இழக்கப்படுகிறது. நோட்டீஸ் கிடைத்தவுடன் விசாரணை நாளில் ஆஜராகி, "விலை போதாது" என்று வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிற குடியானவர்கள் ஏராளம். இதுவே பின்னால் அஜாக்கிரதை எனப்படும். கேட்கும் தொகையையும் அதற்குரிய காரணத்தையும் எழுத்து மூலம் கொடுத்து, அதன் பிரதியில் தேதியுடன் ரசீது பெற வேண்டும். பக்கத்துச் சர்வே நம்பர்களில் சமீப வருஷங்களில் நடந்த கிரயங்களின் ரிஜிஸ்தர் நகல்கள், பட்டா, அடங்கல், கிணறு, பம்புசெட்டு, மரங்கள் ஆகியவற்றின் விவரம் முதலியவற்றை அப்பொழுதே தாக்கல் செய்ய வேண்டும். தென்னை எத்தனை, அவற்றில் காய்ப்பவை எத்தனை என்று எண்ணிச் சொல்லாதவர் பிறகு கோர்ட்டில் எண்ணிச் சொல்லும்போது அதற்கு மதிப்புக் குறைவு.

வரம்பு கடந்த கோரிக்கை என்பது இதற்கு நேர் எதிரான தவறு. செண்டு 4,000 ரூபாய் பெறும் புஞ்சைக்கு, "எப்படியும் பாதியாகக் குறைப்பார்கள்" என்ற எண்ணத்தில் 50,000 என்று எழுதுவது சந்தையில் மாடு பேசும் பழக்கம். மாட்டுச் சந்தையில் அதனால் கேடில்லை, இங்கே உண்டு. கோர்ட்டு 6,500 என்று தீர்த்தால் குடியானவர் ஜயித்தவரே. ஆயினும் தாம் கேட்டது அதைப்போல் ஏழு மடங்குக்கு மேலிருந்ததால், செலவில் குறைவு செய்ய எதிர்க்கட்சிக்கு நல்ல ஆயுதம் கொடுத்தவராகிறார். பத்திர ஆதாரம் எவ்வளவு தாங்குமோ அதற்குச் சற்று மேலே கேட்பதே யுக்தம்.

அவார்டு ஆன பிறகு இரண்டு காரியங்கள் தவறக்கூடாதவை. தொகையைப் பெறும்போது, ஆட்சேபணைக்குட்பட்டுப் பெறுவதாக எழுதியே கையெழுத்திட வேண்டும். அவ்விதம் எழுதாமல் பெற்றவருக்குத் தொகையைப் பற்றி மேலே வழக்காட வழியில்லை. அடுத்தது கெடு. அவார்டு சமயத்தில் ஆஜராயிருந்தவர் அத்தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள், வழக்கை விசாரணைக்கு அனுப்பும்படி கலெக்டருக்கு மனுக் கொடுக்க வேண்டும். ஆஜராகாதவருக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம், அல்லது அவார்டிலிருந்து ஆறு மாதம், இவற்றுள் எது முந்தியதோ அது. போதிய காரணம் காட்டினால் மேலும் ஒரு வருஷத்துக்குள் மனுவை ஏற்கப் புதிய சட்டம் கலெக்டருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. ஆனால் அதனை நம்பிக் காத்திருப்பது தகாது. அவார்டின் நகலுக்குக் கட்டணம் கிடையாதென்பதையும் இங்கே குறிப்பிடுகிறோம். நகலுக்கென்று பணம் கேட்பவரிடம் 96-வது பிரிவைக் காட்டலாம்.

முத்திரைக் கட்டணத்தின் கனம் தெரிவது அப்பீலில்தான். தமிழ்நாட்டு 1955-ஆம் வருஷத்துக் கோர்ட்டுக் கட்டணச் சட்டத்தின் 51-வது பிரிவின்படி, கொடுக்கப்பட்ட தொகைக்கும் அப்பீலில் கேட்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தின் பேரில் கட்டணம் கணக்கிடப்படும். அவ்விகிதம் முன்பு நூற்றுக்கு ஏழரையாக இருந்து, 2017-ல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. பத்து லட்சம் அதிகம் கேட்பவர் முன்பு 75,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. குறைத்தபின் 30,000 ரூபாய். ஏழைக் குடியானவர்கள் கட்டணத்துக்குப் பயந்து, தமக்கு உரியதைக் காட்டிலும் குறைவாகவே அப்பீலில் கேட்டுவந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கு அதிக விலை கிடைத்திருக்க, இவ்விதம் குறைத்துக் கேட்டவருக்கு மட்டும் அதை மறுப்பது நியாயமன்றென்றும், குறைந்த கட்டணத்தைப் பிறகு செலுத்தச் செய்து அதிகத் தொகையைக் கொடுக்கலாமென்றும் 1985-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. கட்டணம் செலுத்தவே சக்தியற்றவர், ஏழை மனுதாரராக அப்பீல் செய்துகொள்ள அனுமதி கேட்கவும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடமுண்டு.

வழக்கே ஆடாமல் பலனடையும் வழியொன்றும் இருக்கிறது. இது 1984-ஆம் வருஷத் திருத்தத்தால் பழைய சட்டத்தில் 28-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டு, புதிய சட்டத்தில் 73-வது பிரிவாக நிற்கிறது. ஒரே அறிவிப்பில் அடங்கிய நிலங்களில் ஒருவருக்கு ஆணையம் தொகையை உயர்த்திக் கொடுத்தால், தாம் மனுச் செய்திராத மற்றவர்களும் அத்தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கலெக்டருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, தங்கள் தொகையையும் அதே அடிப்படையில் மறுபடி நிர்ணயிக்கும்படி கோரலாம். தீர்ப்பின் நகல் பெறுவதற்கான நாட்கள் அந்த மூன்று மாதத்தில் சேரா. வக்கீல் செலவைத் தாங்கமாட்டாத சிறு குடியானவருக்காகவே ஏற்பட்ட விதி இது. ஆனால் ஜில்லாத் தலைநகரில் தீர்ப்பான செய்தி கிராமத்துக்கு எட்டுவதற்குள் மூன்று மாதம் கழிந்துவிடுகிறது. ஒரே அறிவிப்பில் நிலம் இழந்தவர்கள் தங்களுக்குள் ஒரு ஜாபிதா தயாரித்து, வழக்காடுகிறவர் யார், எந்த நம்பர், அடுத்த வாய்தா எப்பொழுது என்று குறித்துவைத்துக்கொள்வது பெரும் பிரயோஜனத்தைத் தரும். எல்லோருமாக ஒருவருடைய வழக்கின் செலவைப் பகிர்ந்துகொண்டு நல்ல வக்கீலை அமர்த்துவதும் கூடாத காரியமன்று.

பிற தேசங்களில் இவ்விஷயம் எவ்விதம் தீர்க்கப்பட்டிருக்கிறதென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் நியாயமான ஈடு கொடாமல் சர்க்கார் சொத்தை எடுக்கலாகாதென்பது அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட விதி. ஆயினும் அந்த ஈட்டில் வக்கீல் கட்டணம் அடங்காதென்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1930-ல் கூறிவிட்டது. சர்க்கார் முறைப்படி வழக்குத் தொடராமலே சொத்தை எடுத்து, சொந்தக்காரர் தாமே வழக்காடி வென்றாலும், எடுப்பதற்கே அதிகாரமில்லையென்று தீர்ந்தாலும், பாதியில் சர்க்கார் கைவிட்டாலும் செலவு கொடுக்க வேண்டுமென்று 1970-ஆம் வருஷத்துச் சட்டமொன்று ஏற்பாடு செய்தது. விலையைப் பற்றி மட்டும் வழக்காடி அதிகம் பெற்றவருக்கு அச்சட்டத்தில் இடமில்லை. இங்கிலாந்தின் 1919-ஆம் வருஷத்துச் சட்டம் கூர்மையான ஒரு முறையைக் கண்டது. நிலத்தை எடுப்போர் நிபந்தனையில்லாமல் ஒரு தொகையை முன்கூட்டிக் கொடுக்க வந்து, தீர்ப்பு அதற்கு மேற்படாவிட்டால் செலவு சொந்தக்காரரைச் சாரும். சொந்தக்காரர் தாம் ஒப்புக்கொள்வதாக எழுதிய தொகைக்குத் தீர்ப்பு எட்டினாலோ மிஞ்சினாலோ செலவு எடுப்போரைச் சாரும். இதனால் இரு கட்சியாரும் முதலிலேயே யோசித்துப் பேசுகிறார்கள். நம் சட்டத்தில் குடியானவரின் கோரிக்கை வரம்பு கடந்தால் தண்டனை உண்டு. கலெக்டரின் மதிப்பு வரம்புக்குக் கீழே போனால் அவ்விதத் தண்டனை தனியே ஒன்றுமில்லை. இது ஒருபக்கச் சாய்வென்றே எமக்குத் தோன்றுகிறது. ஆயினும் சர்க்கார் ஆர்ஜிதத்தை நடுவில் கைவிட்டால், குடியானவருக்கேற்பட்ட சேதத்தையும் அவர் நியாயமாகச் செய்த செலவையும் கொடுக்க வேண்டுமென்று 93-வது பிரிவு விதிப்பதை இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டும்.

அறிவிப்பு, அவார்டு ஒன்றுமில்லாமலே நிலத்தில் ரஸ்தா போட்டுவிட்டால் மேற்கண்ட விதிகள் உதவா. அப்போது ஹைகோர்ட்டில் ரிட்டு மனுவே வழி. செலவு முழுவதும் நீதிபதிகளின் விவேகத்தைப் பொறுத்தது. ஹிமாசலப் பிரதேசத்தில் எழுத்தறிவில்லாத விதவை ஒருவரின் 3.34 ஹெக்டேர், அதாவது சுமார் எட்டேகால் ஏக்கர் நிலம் 1967-68-ல் ரஸ்தாவுக்காக எடுக்கப்பட்டது. ஒரு காசும் கொடுக்கப்படவில்லை. பக்கத்தார் வழக்காடி வென்ற செய்தியறிந்து அவர் 2010-ல் ஹைகோர்ட்டை அடுத்தார். சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி கூறி அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் அனுபவித்ததால் நிலம் தனக்கே பாத்தியம் என்று அந்த ராஜ்ய சர்க்கார் வாதித்தது. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை நிராகரித்து, பக்கத்தாருக்குக் கொடுத்த வீதத்திலேயே ஆறுதல் தொகை, வட்டி முதலியவற்றுடன் நஷ்டஈடு கொடுக்கும்படியும், வழக்குச் செலவாக 10 லட்சம் ரூபாய் கொடுக்கும்படியும் உத்தரவிட்டது. அப்பொழுது அந்த அம்மையாருக்கு வயது சுமார் 80. இத்தகைய செலவுத் தொகை அபூர்வமே. ஆயினும் கேட்பதற்கு முன்மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது.

எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்படுகிறதென்பதை நோட்டீஸிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்காக 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி எடுத்தால், தொகைத் தகராறு ஆணையத்துக்குப் போகாமல், மத்திய சர்க்கார் நியமிக்கும் மத்தியஸ்தரிடம் போகிறது. அங்கே 1996-ஆம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டத்தில் 2015-ல் சேர்த்த 31-ஏ பிரிவின்படி, தோற்ற கட்சி செலவு கொடுப்பது பொது விதி. தமிழ்நாட்டில் தொழில்களுக்காகவும் ராஜ்ய ரஸ்தாக்களுக்காகவும் தனிச் சட்டங்கள் உண்டு; 2019-ஆம் வருஷத்து உயிர்ப்பிக்கும் சட்டத்தை 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு செல்லுமென்று தீர்த்துவிட்டபடியால் அவையும் கணக்கிலெடுக்கத் தக்கவை.

செலவுக்கு வழியில்லாதவர்கள் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் சட்டத்தின் 12-வது பிரிவை அறிந்திருக்க வேண்டும். பெண்கள், ஆதி திராவிடர், பழங்குடியினர், அங்கவீனர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உதவி உண்டு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. பட்டா மனைவியின் பேரிலோ தாயாரின் பேரிலோ இருக்குமாயின் மனுவும் அவர் பேரிலேயே ஆகிறபடியால், அநேக குடும்பங்கள் இதற்கு உரியவையே. தாலூகாக் கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவிடமோ, ஜில்லாக் கோர்ட்டிலுள்ள ஆணைக்குழுவிடமோ வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம்.

வழக்குத் தொடங்கிய நாள் முதல் ரசீதுகளை ஒரு கவரில் சேர்த்துவர வேண்டும். விசாரணை முடிந்தவுடன் செலவு ஜாபிதாவைத் தாக்கல் செய்யும்படி வக்கீலிடம் கேட்டு, செய்தாயிற்றா என்று கோர்ட்டு ஆபீஸில் விசாரித்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பு நகல் வந்ததும் அதில் செலவைப் பற்றிய வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். யார், எந்த விகிதத்தில் கொடுப்பதென்று ஒவ்வொரு தீர்ப்பிலும் எழுத வேண்டுமென்பது சட்டம். அவ்வரி காணப்படாவிட்டால் உடனே வக்கீலிடம் சொல்லித் திருத்தத்துக்கு மனுச் செய்துகொள்ளலாம்.